தலைப்பிரட்டை ஆகாத தவளை

ஊட்டியிலிருந்து மேற்கே, எமரால்டு பக்கம் ஒரு நண்பரின் வீடு. பின்புறம் புல் சரிவு, அதற்குக் கீழே ஓடையை ஒட்டி ஒரு துண்டு சோலை. ஜூன் மாதம், பொழுது சாய்ந்து தூறல் விட்டிருந்த நேரம். புல்லுக்குள்ளிருந்து மெல்லிய கம்பியைச் சுண்டிவிட்டது போல ஒரு சத்தம். ‘டிங்’. கொஞ்ச இடைவெளி. மறுபடி ‘டிங்’. இன்னொன்று தள்ளியிருந்து பதில் சொன்னது.

“அது பூச்சி தம்பி. மழை பிடிச்சா ராத்திரியெல்லாம் கத்திட்டே கெடக்கும்” என்றார் நண்பரின் அம்மா. தவளை என்று நான் சொன்னதும் சிரித்துவிட்டார். “தவளைன்னா தண்ணி வேணுமே? இங்க எங்க இருக்கு குட்டை?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நாம் பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்த தவளைக்குத் தண்ணீர் வேண்டும். முட்டை, தலைப்பிரட்டை, வால் சுருங்கிய குட்டி, பெரிய தவளை என்று அம்புக்குறி போட்டு வட்டமாக வரைந்தோமே, அந்த வட்டத்தில் முக்கால் பங்கு குட்டைக்குள் நடக்கிறது. எமரால்டு சரிவில் கத்திய தவளை அந்த வட்டத்தில் இல்லை. அது தலைப்பிரட்டையாக நீந்தியதே கிடையாது.

சத்தத்தை வைத்து அதைப் பிடிப்பது லேசான வேலை இல்லை. குரல் இங்கே கேட்பது போல இருக்கும். குனிந்தால் அங்கே கேட்கும். இன்னும் ஒரு அடி வைத்தால் நின்றே போகும். இதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு பேர் பத்தடி தள்ளி நின்று, அவரவர் காதுக்குச் சத்தம் வரும் திசையில் டார்ச் அடிக்க வேண்டும். இரண்டு வெளிச்சமும் எங்கே வெட்டிக்கொள்கிறதோ அங்கே தேட வேண்டும். நாங்கள் அரை மணி நேரம் அப்படித் தேடினோம். கடைசியில் முழங்கால் உயரத்தில், ஒரு புல் தாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு அங்குலம் இருக்கும். தொண்டைக்குக் கீழே ஊதிய பை அதன் தலையைவிடப் பெரிது. டார்ச் வெளிச்சத்தில் சோப்புக் குமிழி போல ஒளி ஊடுருவியது. விரல் நுனிகளில் வட்ட வட்டமாகத் தட்டு. ‘டிங்’ என்றபோது உடம்பு முழுவதும் ஒருமுறை சுருங்கி விரிந்தது.

இதன் அறிவியல் பெயர் ராவோர்கெஸ்டஸ் டின்னியென்ஸ். நீலகிரிப் புதர்த்தவளை என்று சொல்லலாம். டின்னியென்ஸ் என்றால் லத்தீனில் ‘கணீரென ஒலிக்கிற’ என்று பொருள். சூட்டியவர் தாமஸ் ஜெர்டன், சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர், பறவைகளுக்காக அதிகம் அறியப்பட்டவர். 1853-ல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் தென்னிந்திய ஊர்வனவற்றுக்கு அவர் எழுதிய பட்டியலில் இந்தத் தவளை வருகிறது. எந்தப் பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் எந்தக் கூட்டத்தில், சேர்ப்பது என்று அவருக்கே பிடிபடவில்லை. தென் அமெரிக்க இலைத்தவளைகளின் பேரினமான ஃபைலோமெடூசாவில் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் வைத்துவிட்டார். குடும்பம் தெரியவில்லை, குரல் மட்டும் சரியாகத் தெரிந்தது. எனக்கு அந்தக் கேள்விக்குறியின் மேல் ஒரு மரியாதை உண்டு.

ஜெர்டனுக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் குரலும் கிடைக்கவில்லை. சாராய ஜாடியில் ஊறிய உடல்தான் கிடைத்தது. அங்கேதான் குழப்பம். இந்தத் தவளைகள் உயிரோடு இருக்கும்போதே ஒன்றைப் போல ஒன்று இருப்பதில்லை. ஒரே சரிவில், ஒரே இனத்தில், ஒன்று காய்ந்த புல் நிறம், ஒன்று செம்மண் நிறம், ஒன்றுக்கு முதுகில் கோடு, இன்னொன்றுக்கு வெறும் புள்ளி. ஜாடிக்குள் போனால் எல்லாமே ஒரே அழுக்குப் பழுப்பு. போதாக்குறைக்கு, பழைய மாதிரிகளின் சீட்டுகளில் ‘மலபார்’, ‘நீலகிரி’ என்று ஒற்றைச் சொல்தான் இருக்கும். ஒரு மாவட்டத்தையே முகவரியாகக் கொடுத்தால் தபால்காரர் என்ன செய்வார்? பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து விலங்கியலாளர் பூலஞ்சர் 1882-ல் பெயரிட்ட சிக்னேட்டஸ் என்ற இனமும் இதே நீலகிரி உச்சிக்காரர்தான். கருவிழியைச் சுற்றி நட்சத்திரம் போல வடிவம் உள்ளவர். இப்படிப்பட்ட பெயர்கள் ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டும் பிரிக்கப்பட்டும் நூறு ஆண்டுக்கு மேல் ஓடின. பேரினப் பெயரும் நிலைக்கவில்லை. இக்சாலஸ் என்றார்கள், பிறகு ஃபிலாட்டஸ் என்றார்கள்.

2009-ல் தவளை ஆய்வாளர்கள் எஸ்.டி. பிஜுவும் பிராங்கி பொசைட்டும் மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகளை மொத்தமாக எடுத்து, மரபணுவும் உருவமும் பார்த்து வரிசைப்படுத்தினார்கள். அந்த ஒரே கட்டுரையில் 12 புதிய இனங்கள் வந்தன. அடுத்த ஆண்டு இந்தக் கூட்டத்துக்கென்று ராவோர்கெஸ்டஸ் என்ற பேரினம் உருவானது. அதில் இருக்கும் ‘ராவ்’, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த சி.ஆர். நாராயண ராவ். தென்னிந்தியத் தவளைகளை இந்தியர் ஒருவர் முறையாக எழுதத் தொடங்கியது அவரில்தான் என்று சொன்னால் பெரிய தவறில்லை. அவர் சேர்த்துவைத்த மாதிரிகளில் பல பின்னாளில் தொலைந்துபோயின. பெயராவது மிஞ்சட்டும் என்று வைத்தார்களோ என்னவோ. 2014-ல் இன்னொரு குழு மேலும் 9 இனங்களைச் சேர்த்தது. இன்று இந்தப் பேரினத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பாலானவை நம் மலைத்தொடரைத் தவிர உலகில் எங்கும் இல்லை.

இவர்களைப் பிரித்தறிய மரபணுவோடு கைகொடுத்த இன்னொன்று குரல். பெண் தவளை இருட்டில் ஆணின் நிறத்தைப் பார்த்து வருவதில்லை, குரலைக் கேட்டு வருகிறது. ஆகவே நமக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு தவளைகள் வேறு வேறு தாளத்தில் கத்தினால், அவை தங்களுக்குள் கலப்பதில்லை என்று சந்தேகப்படலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன் வாயால்தான் பேர் வாங்கியது. கெடுவதும் உண்டுதான், கத்தும் இடம் தெரிந்தால் பாம்புக்கு வசதி.

சரி, குட்டை இல்லாமல் குஞ்சு எப்படி?

சமவெளித் தவளையின் கணக்கு எளிது. மழை பெய்ததும் தேங்கிய நீரில் ஆயிரக்கணக்கில் முட்டை. மீன் தின்னும், தட்டான் இளம்புழு தின்னும், குட்டை வற்றினால் மொத்தமும் போகும். ஆனாலும் சில பிழைக்கும். புதர்த்தவளை வேறு கணக்குப் போடுகிறது. முட்டைகள் சில பத்துதான். ஆனால் ஒவ்வொன்றும் பெரிது, உள்ளே மஞ்சள் கரு நிறைய. அந்தக் கரு ஒரு குழந்தைக்கான முழுக் கட்டுச்சோறு. முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. இந்தப் பேரினத்துக்குள்ளேயே இடம் மாறுகிறது. சில இலைமேல் ஒட்டிவைக்கின்றன, சில தரையில் சருகுக்கும் ஈர மண்ணுக்கும் இடையே இடுகின்றன. ஈட்ட என்று கேரளத்தில் சொல்கிற நாணல் மூங்கிலில் முட்டையிடும் இனங்கள்கூட உண்டு. தண்டில் உள்ள சின்னக் கீறல் வழியாக உடம்பை நசுக்கிக்கொண்டு உள்ளே போய், கணுவுக்கு மேலே உள் சுவரில் முட்டை ஒட்டுகின்றன, ஆண் தவளை உள்ளேயே காவல் இருக்கிறது.

பட்டாணியைவிடச் சிறிய, கண்ணாடி போன்ற அந்த உருண்டையை உருப்பெருக்கியில் பார்த்தால் கதை புரியும். முதல் நாட்களில் மஞ்சள் கருவின் மேல் ஒரு கோடு. அப்புறம் வழக்கமான தலைப்பிரட்டைக்கு வருகிற சாமான்கள் இங்கே சரியாக வருவதே இல்லை. பாசியைச் சுரண்டக் கறுத்த கொம்பு அலகும் பல் வரிசையும் தேவையில்லை, ஏனென்றால் சுரண்ட எதுவும் இல்லை. நீண்டு சுருண்ட குடலும் தேவையில்லை. நீந்தத் துடுப்பு வாலும் தேவையில்லை. ஆனால் வால் இருக்கிறது. இப்படி நேராக வளரும் தவளைகளில் அது மெல்லிய சவ்வாக விரிந்து, ரத்தக் குழாய்கள் பின்னிக்கிடக்க, முட்டையின் உட்சுவரை ஒட்டிக்கொள்கிறது. வெளியே உள்ள ஈரத்திலிருந்து பிராணவாயுவை இழுப்பது அதன் வேலை. துடுப்பை மூக்காக மாற்றிக்கொண்ட மாதிரி. கால்கள் சீக்கிரமே முளைத்துவிடுகின்றன. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் உருண்டைக்குள் ஒரு முழுத் தவளை கால்களை மடக்கிக்கொண்டு, இடம் பற்றாமல் அவ்வப்போது புரண்டு படுக்கிறது. சவ்வு கிழிந்து வெளியே வரும்போது அரிசிமணி அளவு இருக்கும். வால் குச்சி கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் இருக்கும். உடனே குதிக்கத் தெரியும்.

இந்த ஏற்பாடு எதற்கு என்று கேட்டால், மலையைப் பார்த்தாலே பாதி விடை. சரிவில் தண்ணீர் நிற்பதில்லை. ஓடுகிறது, அதுவும் மழைக்காலத்தில் பாய்ந்து ஓடுகிறது. 2019 ஆகஸ்ட் 8 அன்று எமரால்டுக்குப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் தலைப்பிரட்டை என்ன செய்யும்? இதே மலையில் வேறு விடை கண்டவர்களும் இருக்கிறார்கள். கேட்டிக்சாலஸ் வேரியாபிலிஸ் என்ற பச்சை மரத்தவளை ஓடையை ஒட்டி நுரைக்கூடு கட்டுகிறது. குஞ்சுகள் ஓடைக்கே போகின்றன, ஓடும் நீரைத் தாங்கும்படி வளர்கின்றன. ஓடையை விட்டு அது விலக முடியாது. புதர்த்தவளை ஓடையின் பிடியிலிருந்து கழன்றுகொண்டு சரிவு முழுவதையும் எடுத்துக்கொண்டது. கிணற்றுத் தவளைக்கு இது தூரத்துச் சொந்தமாக இருக்கலாம், கிணற்றை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் தண்ணீர் வேண்டாம் என்பதை ஈரம் வேண்டாம் என்று படிக்கக்கூடாது. பலர் வழுக்குவது இங்கேதான். தவளை முட்டைக்கு ஓடு கிடையாது. கோழிமுட்டை போல ஈரத்தைப் பூட்டிவைக்க முடியாது. அரை நாள் வெயில் நேரே பட்டால் முட்டைக் கூட்டம் சுருங்கிப்போகும். வளர்ந்த தவளையின் கதையும் அதுதான். நுரையீரல் இருந்தாலும் தோலாலும் மூச்சு விடுகிறது, தோல் நனைந்திருந்தால்தான் அது நடக்கும். ஒரு அங்குல உடம்பில் சேமிப்பு என்று எதுவும் இல்லை. ஆக, குட்டைக்குப் பதில் அதற்கு வேண்டியது தரையை ஒட்டிய ஒரு சாண் உயரக் காற்று. புல் கொத்தின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். மேலே காற்று வெடவெடவென்று அடிக்கும்போதும் உள்ளே சில்லென்று, ஈரமாக, அசைவில்லாமல் இருக்கும். பழைய தாள்கள் மக்கிப் பஞ்சு போல் கிடக்கும். மூடுபனி புல் நுனியில் துளியாகக் கோத்து அடிக்கு இறங்கும். நீலகிரிப் புதர்த்தவளையின் குட்டை அதுதான். இரண்டு மலை தூரத்துக்கு விரித்துவைத்த, ஒரு சாண் ஆழக் குட்டை.

பனிக்காலத்தில் இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கமாகிறது. டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் விடியற்காலையில் புல்வெளி வெள்ளை விரித்தது போல இருப்பதைப் பத்திரிகைகள் வருடா வருடம் படம் போடும். சோலை மரங்களின் நாற்றுகள் திறந்த புல்லில் முளைத்தாலும் இந்த உறைபனி கருக்கிவிடுகிறது. சோலை பள்ளத்திலும் புல் மேட்டிலுமாகப் பிரிந்து நிற்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இது முக்கியமானது. தவளை குளிர்ரத்தப் பிராணி. குளிரக் குளிரக் குரலின் இடைவெளி நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் நின்றுவிடும். உறைபனி இரவில் நீங்கள் அந்தச் சரிவில் நின்றால் உங்கள் பல் தந்தியடிப்பதுதான் கேட்கும்.

இனி மலைகளுக்கு இடையில் என்ன நடக்கிறது என்பது. ஊட்டி உச்சியில் வாழும் தவளைக்கு, கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்குப் போக வேண்டுமென்றால் பாலக்காட்டுக் கணவாயைக் கடக்க வேண்டும். முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலம், தரை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய நூறு மீட்டர்தான். நமக்குக் கோவையிலிருந்து பாலக்காடு போகும் ரயில் பாதை. இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக் குளிர்ப்புல்லில் பழகிய ஒரு அங்குலத் தவளைக்கு அது கடல். எனவே கணவாய்க்கு வடக்கே ஒரு வம்சம், தெற்கே ஒரு வம்சம் என்று தனித்தனியாகப் பிரிந்து வளர்ந்திருக்கின்றன. நீலகிரியில் டின்னியென்ஸும் சிக்னேட்டஸும் என்றால், கொடைக்கானலில் வேறு பெயர்கள். அங்கிருந்து 2006-ல் விவரிக்கப்பட்ட புதர்த்தவளை ஒன்றுக்கு அலென் துபுவா என்ற பிரெஞ்சுத் தவளை ஆய்வாளரின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஓடைக்காரக் கேட்டிக்சாலஸும் இப்படித்தான் பிரிந்தது. நீலகிரியில் வேரியாபிலிஸ், பழனி மலையில் ஆஸ்டெராப்ஸ், அதாவது நட்சத்திரக் கண். அது 2008 வரை தனி இனமாகப் பெயர் பெறாமலே கொடைக்கானல் ஓடைகளில் இருந்திருக்கிறது. எத்தனை தேனிலவுத் தம்பதிகளின் அறை ஜன்னலுக்குக் கீழே கத்தியிருக்குமோ.

ஒரு மலையில் அழிந்தால் பக்கத்து மலையிலிருந்து வந்து நிரப்ப முடியாது என்பது இதிலிருந்தே தெரிகிறது. அந்த மலைகளின் உச்சியில் கடந்த இருநூறு ஆண்டுகளில் என்ன ஆனது என்பதும் தெரிந்த கதை. 1820-களில் கோவை கலெக்டர் சல்லிவன் ஊட்டிக்கு வந்தார். 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் வந்தன. யூகலிப்டஸ், வாட்டில் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். முதலில் விறகுக்கு, அப்புறம் தோல் பதனிடப் பட்டைக்கு, சுதந்திரத்துக்குப் பின் செயற்கை இழைக் கூழுக்கு. புல்வெளி யார் கண்ணிலும் காடாகத் தெரியவில்லை. தரிசு என்று எழுதிவைத்து நட்டார்கள். சீகை விதை மண்ணில் பல வருடம் உறங்கிக் கிடக்கும், வெட்டினாலும் எரித்தாலும் முன்னைவிட அடர்த்தியாக முளைக்கும். அதன் நிழலில் புல் சாகிறது. பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு தோப்புகளுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதைக் காட்டியது.

தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை பச்சையாகத்தான் இருக்கும். அந்த ஒரு சாண் குட்டைதான் அங்கே இருக்காது. கற்பூரத் தோப்புக்குள் நடந்தால் காலடியில் காய்ந்த இலை நொறுங்குகிற சத்தம், பட்டை உரிந்து கிடக்கும், தைல வாசனை. புல் கொத்து இல்லை. ஏறி நின்று கத்தத் தாள் இல்லை, முட்டைக்கு மக்கிய பஞ்சு இல்லை. எல்லாப் புதர்த்தவளையும் இதில் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்திலும் வேலிப் புதரிலும் சமாளித்துக்கொண்டு கத்தும் இனங்கள் உண்டு. புல்லையே நம்பியவர்களுக்குத்தான் போக்கிடம் இல்லை. நல்ல எண்ணத்தோடு பஸ் பிடித்து வந்து, வெறுமனே கிடக்கிறது என்று புல் மேட்டில் குழி தோண்டி மரக்கன்று வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சொல்லவும் முடிவதில்லை, சொல்லாமல் இருக்கவும் முடிவதில்லை. அதே போல, ஊருக்கு ஊர் தவளைக்காகக் குட்டையைத் தூர்வாருவது சமவெளியில் அருமையான வேலை. இங்கே இந்தத் தவளைக்கு அது எட்டாத உதவி.

அதற்கு உதவுவது பார்வைக்கு மந்தமான வேலைகள். சீகையைப் பிடுங்குவது, பிடுங்கிய இடத்தில் முளைக்கும் நாற்றுகளை மறுபடி மறுபடி பிடுங்குவது, உள்ளூர்ப் புல்லை நாற்றங்காலில் வளர்த்துக் கொத்துக் கொத்தாக நடுவது. புல் மூடி, அடியில் பழைய தாள் சேர்ந்து மக்கிப் பஞ்சாக ஒரு பருவம் போதாது.

ஜனவரியில் நான் மறுபடி எமரால்டு போனபோது சரிவு மௌனமாக இருந்தது. “உங்க தவளை ஊரைக் காலி பண்ணிருச்சு தம்பி” என்றார் நண்பரின் அம்மா. எங்கும் போயிருக்காது, புல் கொத்தின் அடியிலோ மண் வெடிப்பிலோ உடம்பைக் குறுக்கிக்கொண்டு இருக்கும் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஏப்ரலில் ஒரு சாயந்திரம் போன் வந்தது. அங்கே கோடை மழை பிடித்திருந்தது. “கேளுங்க, கேளுங்க” என்று போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். எனக்குத் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது.